மேசையில் ஓடிய போர்டு நாற்றங்காலில் ஏன் நிற்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை நாற்றங்காலுக்குத் தானாகத் தண்ணீர் விடும் பெட்டியைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கிறார்கள். மண் ஈரத்தை அளக்க ஒரு சென்சர், முடிவெடுக்க வைஃபை உள்ள சின்னக் கணினியான ஓர் இஎஸ்பி32 போர்டு, பம்பை முடுக்க ஒரு ரிலே, அதாவது போர்டின் கட்டளையில் திறந்து மூடும் சுவிட்ச். எம்பெடட் கணினி என்பது இதுதான்: ஒரே வேலைக்காகக் கருவிக்குள்ளேயே இருக்கும் கணினி. உள்ளே வருவதைப் படிக்கும், கணக்கிடும், கட்டளை கொடுக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துணி துவைக்கும் இயந்திரத்திலும் இதே சுற்றுதான். நின்றுபோனால் தட்டி எழுப்ப ஆள் பக்கத்தில் இருக்கமாட்டார். இதை மறப்பதால்தான் நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளே திரும்பத் திரும்ப நடக்கின்றன. கம்பியை மாற்றிச் செருகுவது போன்றவை அன்றைக்கே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

பிரவுன்அவுட் காவலை அணைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. மேசையில் ஒழுங்காக ஓடிய போர்டு, நாற்றங்காலில் வைஃபை இணையும் நேரம் பார்த்து ரீசெட் ஆகும். போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் திரையில் பிரவுன்அவுட் என்று செய்தி வரும். மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று சில்லே சொல்கிறது. பிள்ளைகளோ இணையத்தில் தேடி, மின்னழுத்தம் தாழ்ந்தால் போர்டை ரீசெட் செய்யும் அந்தக் காவலை அணைக்கும் ஒரு வரியை நிரலின் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். செய்தி நின்றுவிடும். மின்னழுத்தம் தாழ்வது நிற்காது.

போர்டில் இருக்கும் இஎஸ்பி32 மாட்யூல் 3.0 முதல் 3.6 வோல்ட் வரையில் வேலை செய்யத்தான் செய்யப்பட்டது. அதற்குக் கீழே இறங்கினால் செயலி எந்தக் கட்டளையை எப்படிப் படிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது இறங்கினால் சேமித்தவை சிதையும். செயலி உறைந்துபோனால் ரிலே இருந்த நிலையிலேயே நிற்கும். ஒரு நாற்றங்காலில் அது பம்பு ஓடும் நிலையில் நின்றது. விடிய விடியப் பம்பு ஓடி, தொட்டி வற்றி, தண்ணீரில்லாமல் சுழன்று சீல் கருகிப்போனது. காவலை விட்டுவைத்து, ரிலே முனையை 10 கிலோஓம் மின்தடையால் அணைந்த நிலைக்கு இழுத்து வைத்திருந்தால், ரீசெட் ஆன கணமே பம்பு நின்றிருக்கும்.

கோளாறு நிரலில் இல்லை, கம்பியில். 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 மீட்டர் தூரம் 5 வோல்ட் அனுப்பினால், போக வர 20 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 1.7 ஓம். வைஃபை ஒலிபரப்பும் கணங்களில் போர்டுக்கு 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்க வழி இருக்கவேண்டும். அந்த அளவு இழுத்தால் கம்பியிலேயே 0.85 வோல்ட் போய்விடும். மிஞ்சும் 4.15 வோல்ட், போர்டில் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்து நிலைநிறுத்தும் 1117 வகை ரெகுலேட்டருக்குப் போதாது, 3.3 வோல்ட் கொடுக்க அதற்கு 4.4 வோல்ட்டாவது வேண்டும். மல்டிமீட்டர் 4.8 என்று அசையாமல் காட்டும். மில்லிநொடிச் சரிவைப் பிடிக்க அதற்கு வேகம் போதாது. அதை நம்பி வாரக்கணக்கில் நிரலைத் திருத்துகிறவர்கள் உண்டு.

செய்யவேண்டியது: நீண்ட கம்பியில் 12 வோல்ட் அனுப்புங்கள். அதே திறனுக்கு மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கும். போர்டுக்குப் பக்கத்தில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் எல்எம்2596 மாட்யூல் வைத்து 5 வோல்ட்டாக்குங்கள். போர்டை இணைக்கும் முன் அதன் திருகைத் திருப்பி, மீட்டரில் 5 காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். போர்டின் மின்முனையில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் வையுங்கள். ரிலேவுக்கு மாட்யூலிலிருந்தே தனிக் கம்பி இழுங்கள்.

நொடிக்கு நொடி நினைவகத்தில் எழுதுவது

ஆர்டுவினோ ஊனோ என்ற இன்னொரு போர்டின் ஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்), ஓர் இடத்தில் 100,000 முறை எழுதத்தான் உத்தரவாதம் தருகிறது. நொடிக்கு ஒரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மதிப்பு மாறினால் மட்டும் எழுதுங்கள்.

நேரத்தைக் கூட்டி ஒப்பிடுவது

போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து எண்ணும் மில்லிநொடி எண்ணி 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். தொடங்கிய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிட்டால் அப்போது கணக்கு தப்பும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து ஒப்பிடுங்கள். இரண்டும் குறியில்லா 32 பிட் எண்களாக இருக்கட்டும்.

வாட்ச்டாக் வைக்காமல் விடுவது

வாட்ச்டாக் என்பது, நிரல் அவ்வப்போது தட்டிக் கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர். வையுங்கள். ஆனால் டைமர் குறுக்கீட்டுக்குள், அதாவது குறித்த நேரத்தில் முதன்மைச் சுற்றை இடைமறித்து ஓடும் நிரல் துண்டுக்குள், அதைத் தட்டிக் கொடுக்காதீர்கள். முதன்மைச் சுற்று உறைந்த பிறகும் குறுக்கீடு ஓடும்.

நீல ரிலேயில் பம்பை நேராக மாட்டுவது

மேலே 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே, மோட்டாரைத் தாங்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை முடுக்கட்டும், காண்டாக்டர் பம்பை முடுக்கட்டும். 240 வோல்ட் பக்கத்தை உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள்.

கம்பிக்காகப் பெட்டியின் மேல்பக்கம் துளை போடுவது

அடியில் போடுங்கள்.