கரிய களிப்பாறையில் பழங்கடலை வாசிக்கும் முறை

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கடலின் நீர் நமக்குக் கிடைப்பதில்லை. அதன் அடியில் படிந்து இறுகிய சேறுதான் களிப்பாறையாகக் கிடைக்கிறது; அந்த நீரில் ஆக்சிஜன் இருந்ததா, ஹைட்ரஜன் சல்பைடு இருந்ததா என்பதை அப்பாறையைக் கொண்டே அறிய வேண்டும். பாறையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. மழையும் காற்றும் பட்ட மேற்பரப்புப் பாறையில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டு துருவாக மாறியிருக்கும் என்பதால், ஆழத்தில் துளையிட்டு எடுத்த மாதிரியையே பயன்படுத்த வேண்டும்.

முதலில் இரும்பைப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்த நிலையிலேயே நெடுந்தொலைவு சென்று, பிறகு ஓரிடத்தில் மிகுதியாகப் படியும். கார்பனேட்டு, ஆக்சைடு, மேக்னடைட்டு, பைரைட்டு ஆகியவற்றிலுள்ள இரும்பைப் படிப்படியாகப் பிரித்தெடுத்துக் கூட்டி, மொத்த இரும்பால் வகுக்க வேண்டும். விடை 0.38-ஐத் தாண்டினால் அடிநீரில் ஆக்சிஜன் இல்லை எனக் கொள்ளலாம். அந்தக் கூட்டுத்தொகையில் பைரைட்டின் பங்கும் 0.7 அல்லது 0.8-க்கு மேல் இருந்தால், நீரில் ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்திருந்தது என்று பொருள்.

இந்த எண்களை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மெருகேற்றிய பாறைத் துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், சிறுமணிகள் திரண்டு மல்பெரிப் பழம் போலத் தோன்றும் பைரைட்டு உருண்டைகள் தென்படும். நூறு உருண்டைகளையாவது அளந்துவிடுங்கள். அவை 5 மைக்ரோமீட்டர் விட்டத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், சல்பைடு நீரிலேயே உருவாகி, வளர நேரமின்றி மூழ்கியவை. பெரிதும் சிறிதும் கலந்திருந்தால், சேற்றுக்குள் நிதானமாக வளர்ந்தவை.

அடுத்தது மாலிப்டினம், உயிர்களின் கதை இங்குதான் நுழைகிறது. நிலத்துப் பாறைகளை ஆக்சிஜன் அரிக்கும்போது ஆறுகள் வழியே கடலுக்கு வரும் இத்தனிமம், சல்பைடு உள்ள இடத்தில் படிந்துவிடும். வண்டலோடு வந்த பங்கைக் கழிக்க, அலுமினியத்துடன் ஒப்பிட்டே அளவைக் கூற வேண்டும். சல்பைடு நீரில் படிந்தது உறுதியான பாறையிலும் மாலிப்டினம் குறைவாக இருந்தால், அன்றைய கடலில் அதன் இருப்பே குறைவு என்று கருத இடமுண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிர்கள் பயன்படுத்த உதவும் நைட்ரோஜினேஸ் நொதியின் முதன்மை வகைக்கு மாலிப்டினம் தேவை. ஆகவே 180 கோடி முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை சிக்கலான உயிரினங்கள் மெதுவாகவே பெருகியதற்கு இப்பற்றாக்குறையும் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் ஆன்பரும் நோலும் 2002-இல் முன்வைத்தனர்.

ஒரே துளையின் முடிவை உலகக் கடலுக்கெல்லாம் பொருத்துவதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. இன்றைய கடல்களில் பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளதாக இருக்க, கருங்கடல் போன்ற சில இடங்களில் மட்டும் ஆழ்நீர் சல்பைடு நிறைந்து கிடக்கிறது. கருங்கடலின் சேற்றை மட்டும் வைத்து நம் காலத்தைக் கணிப்பவர் முற்றிலும் தவறான முடிவுக்கே வருவார். எனவே ஒரே வயதுடைய, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று படுகைகளிலாவது இதே அளவீடுகளைத் திரும்பச் செய்யுங்கள்.