தானாகக் கற்பதைக் காட்டும் மூன்று படங்கள்

பிள்ளைகள் தங்கள் ஆர்வத்தின் வழியே கற்பதைப் பேசிப் புரியவைப்பதைவிடப் படமாகக் காட்டுவது சுலபம். என் முதல் தேர்வு 'அக்டோபர் ஸ்கை' (1999). 1957இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் வானில் பறந்ததைப் பார்த்த சுரங்க ஊர்ப் பையன் ஹோமர் ஹிக்காம், நண்பர்களோடு ராக்கெட் செய்யத் தொடங்கும் உண்மைக் கதை. ராக்கெட் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் கணக்கு அவனுக்கு உயிர்பெறுகிறது. ஆசிரியையையும் கவனியுங்கள்: ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். பெற்றோருக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து 'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்' (2019). ஆப்பிரிக்க நாடான மலாவியில் கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட வில்லியம் கம்குவாம்பா, நூலகப் புத்தகத்தின் துணையோடு காற்றாலை கட்டுகிறான். அவன் பள்ளிக்காக ஏங்கியவன் என்பதையும் மறக்கக் கூடாது.

'கேப்டன் ஃபென்டாஸ்டிக்' (2016) பெரியவர்களுக்கு மட்டும். காட்டில் ஆறு பிள்ளைகளை வளர்க்கும் அப்பா, பாடத்திட்டத்தை உதறினாலும் எதைக் கற்பது என்பதைப் பெரும்பாலும் தானே முடிவு செய்கிறார். சுதந்திரம் யாருக்கு என்று நன்றாக விவாதிக்கலாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று: படம் முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள். நடுவில் பிள்ளை ஏதாவது கேட்டால் படத்தை நிறுத்திப் பேசுங்கள். மறுநாள் மோட்டாரோ கம்பியோ கேட்டால், முடிந்தவரை வாங்கிக் கொடுங்கள்.