தத்துவமும் இலக்கியமும்: சேர்த்துப் படிக்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

முதுகலை ஆய்வேட்டின் முதல் வரைவு ஒன்று என் மேசைக்கு வந்தது. நாற்பது பக்கம். முதல் பதினெட்டுப் பக்கத்தில், சுதந்திரம் பற்றி மூன்று தத்துவவாதிகள் சொன்னதன் விளக்கம். அடுத்த பதினாறு பக்கத்தில் ஒரு நாவலின் கதை. நடுநடுவே "இங்கே நாம் காண்பது அதே சுதந்திரத்தைத்தான்" என்று ஒரு வரி. மீதி முடிவுரை. பென்சிலை எடுத்து, நாவல் வரும் பக்கங்களை மட்டும் அடித்துவிட்டு மற்றதைப் படித்துப் பார்த்தேன். வாதத்துக்கு ஒரு சேதமும் இல்லை. நாவல் இல்லாமலே அது நின்றது.

இரு துறைகளையும் சேர்த்துப் படிக்க வருபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. இரண்டையும் நேசித்து, ஒரே துறைக்குள் மூச்சு முட்டி வந்தவர்கள். ஆனால் சேர்த்துப் படிப்பது என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால் ஒன்றை எஜமானாகவும் மற்றதை வேலையாளாகவும் ஆக்கிவிடுகிறார்கள். தத்துவம் சொல்லும், இலக்கியம் அதற்குப் படம் காட்டும். பென்சில் சோதனையை எந்த வரைவுக்கும் நீங்களே செய்து பார்க்கலாம். இலக்கியப் பகுதியை எடுத்துவிட்டால் வாதம் நொண்ட வேண்டும். நொண்டவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது தத்துவக் கட்டுரை. அது நல்ல கட்டுரையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுத வந்தது அதுவல்ல.

இந்தத் தவறுக்கு மிக வசதியான இடம் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. 'அந்நியன்' நாவலும் 'சிசிஃபஸ் தொன்மம்' என்ற தத்துவ நூலும் ஒரே ஆண்டில், 1942-ல், வெளிவந்தன. ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு; அபத்தம் (அர்த்தம் தேடும் மனிதனுக்கும் பதில் தராத உலகுக்கும் இடையிலான முரண்) என்றால் என்ன என்று நூல் சொல்கிறது, நாவல் அதை வாழ்ந்து காட்டுகிறது என்று எழுதிவிடத் தோன்றும். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரே 1943-ல் நாவலை அந்த நூலின் துணையோடுதான் வாசித்தார். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. பிரெஞ்சு நாவல்களுக்கு வழக்கமான எழுத்து இறந்தகாலத்தை விட்டுவிட்டு, பேச்சில் புழங்கும் இறந்தகாலத்தில் காம்யு கதை சொல்வதைக் கவனித்தார். அந்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தீவுகளாக நிற்பதைக் கவனித்தார். மாணவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நாவலில் தத்துவ நூலுக்குள் அடங்காதது எது என்று கேட்டுப் பாருங்கள். வறண்ட சிறு வாக்கியங்களில் பேசிவந்த கதைசொல்லி, கடற்கரையில் கொலை நடக்கும் பக்கத்தில் மட்டும் வெயிலைப் பற்றி உவமை மேல் உவமையாக அடுக்குவது ஏன்? ஒரு குண்டுக்குப் பிறகு இடைவெளி விட்டு இன்னும் நான்கு குண்டுகள் ஏன்? செத்தவனுக்குப் பெயரே இல்லையே, ஏன்? கடைசிக் கேள்வியிலிருந்து ஒரு முழு நாவலே பிறந்தது: 2013-ல் அல்ஜீரிய எழுத்தாளர் கமல் தாவூத், கொல்லப்பட்டவனுக்கு மூஸா என்று பெயர் வைத்து, அவன் தம்பியைப் பேச வைத்தார். அபத்தம் என்ற ஒற்றைச் சொல்லால் நாவலை மூடிவைத்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றியே இருக்காது. மிச்சம் விழும் இடத்தில்தான் ஆய்வு இருக்கிறது.

கவிதையிலிருந்து கொள்கையைப் பிடுங்குவது

இதற்குத் தூரம் போக வேண்டாம். புறநானூற்றின் 192-ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனாருடையது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற முதல் அடியை எடுத்து, 'உலகக் குடிமை' என்று ஒரு சொல்லை அதன்மேல் ஒட்டி, மேற்கத்தியத் தத்துவவாதி ஒருவரை அருகில் உட்கார வைத்தால் கட்டுரை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். பாட்டு 13 அடி. மீதி 12 அடி என்ன செய்கிறது?

பதினோராம் அடியில் 'ஆகலின்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ஆகையால்' என்று பொருள். வாதத்தின் மூட்டு அது. அதற்கு முன்னால் இருப்பது காரணம்: மின்னலோடு வானம் குளிர்ந்த துளி பெய்ய, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேரியாற்றில் நீரின் வழியே போகும் புணைபோல (தெப்பம்போல), உயிர் முறையின் வழியே போகும் என்று தெளிந்திருக்கிறோம். பின்னால் இருப்பது முடிபு: 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' ஆக, 'யாவரும் கேளிர்' என்பதோடு பாட்டு முடிந்துவிடவில்லை; அது வந்து சேரும் இடம் கடைசி இரண்டு அடி. இதைப் பார்க்கத் தத்துவப் பயிற்சி வேண்டும். இரண்டாம் அடி 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்கிறது. புணையோ தன் வழியைத் தானே தேர்வதில்லை. பிறர் தருவதில்லை, நானும் செலுத்துவதில்லை என்றால் பொறுப்பு யாருடையது? தத்துவ மாணவர் இங்கே மணிக்கணக்கில் உட்கார வேண்டும்.

ஆனால் தத்துவம் மட்டும் போதாது. எல்லா உயிரும் ஆற்றோடு போகும் புணை என்றால், வியக்கவும் காரணம் இல்லை, இகழவும் காரணம் இல்லை. தருக்கம் தருவது சமமான இரண்டு மறுப்பு. பாட்டு தருவதோ சமம் இல்லை. 'அதனினும் இலமே' என்று ஒரு பக்கம் சாய்கிறது. பெரியவரை வியக்காமல் இருப்பதைவிட, சிறியவரை இகழாமல் இருப்பது இன்னும் உறுதி. இந்தச் சாய்வு முன்கூற்றுகளிலிருந்து வரவில்லை. ஒரு வேற்றுமை உருபிலும் ஓர் உம்மையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒருவேளை ஆறு மூன்று அடிக்கு இரைந்துகொண்டே வருவதும் இதற்காகத்தான். கல்லில் மோதும் நீரைக் கேட்ட பிறகு, அதில் அடிபட்டுப் போகும் சின்னப் புணையை யார் இகழ முடியும்? இப்படி ஒரு கேள்வியை எழுப்ப வாதத்தையும் எண்ண வேண்டும், சொல்லையும் எண்ண வேண்டும். இரு துறையும் ஒரே இடத்தில் தேவைப்படுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே பாட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 'திறவோர் காட்சி' என்று வருகிறது. இந்திய அளவையியல் (அறிவு எந்த வழிகளில் கிடைக்கிறது என்று ஆராயும் துறை) படித்தவருக்குக் 'காட்சி' என்றதும் பிரத்தியட்சப் பிரமாணம், அதாவது புலன்களால் நேரே அறிதல், நினைவுக்கு வரும். உடனே அதை இங்கே பொருத்திவிடக் கை துறுதுறுக்கும். பழைய உரையோ அறிந்தோர் கூறிய நூல் என்று பொருள் கொள்கிறது. ஒரு சொல் பிற்காலத்தில் கலைச்சொல்லாக இறுகிவிட்டது என்பதற்காக, முந்தைய இடத்திலும் அது இறுகித்தான் இருந்தது என்று கொள்ளக் கூடாது.

புத்தகத்தைப் பாதியாக வெட்டுவது

'மணிமேகலை'யில் முப்பது காதை. இலக்கியம் படிப்பவர்கள் 27-ஆம் காதையையும் 29-ஆம் காதையையும் தாண்டிப் போகிறார்கள். பல சமயவாதிகளின் கொள்கைகளும் பௌத்த அளவையியலும் அங்கே வருகின்றன, கதை நின்றுவிடுகிறது என்பது புகார். தத்துவம் படிப்பவர்கள் அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கதை என்று ஒதுக்குகிறார்கள். இரு தரப்பும் ஒரே விஷயத்தைத் தவறவிடுகின்றன. வஞ்சியில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப் போகும்போது மணிமேகலை தன் உருவத்தில் போகவில்லை. இளம்பெண் என்று கருதி யாரும் உண்மைப் பொருளை உரைக்க மாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே சொல்லியிருக்கிறது; அவள் ஆண் துறவியாக வேற்றுருக் கொண்டு போகிறாள். அறிவு எப்படிப் பெறப்படுகிறது என்று வாதங்கள் பேசுகின்றன. அறிவைக் கேட்க யாருக்கு அனுமதி என்று கதை பேசுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்த ஆய்வேட்டை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

வெட்டிப் படிப்பதற்கு இன்னொரு பலி, தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் வரும் மத விசாரணைத் தலைவர் பகுதி. அது தனி நூலாகவே அச்சாகிப் பாடமாகிறது. நாவலில் அது இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் மதுவிடுதியில் சொல்லும், எழுதப்படாத ஒரு 'கவிதை'. கதையின் முடிவில், கைதியாக நிற்கும் கிறிஸ்து விசாரணைத் தலைவரை முத்தமிடுகிறார். கேட்டு முடித்த அல்யோஷா அண்ணனை முத்தமிடுகிறான். "இலக்கியத் திருட்டு!" என்று கத்துகிறான் இவான். அடுத்து வரும் பாகம் துறவி சோசிமாவின் வாழ்க்கை. இவானின் வாதத்துக்கு நாவல் எதிர்வாதம் வைக்கவில்லை, வேறு வகையான பதில் வைக்கிறது. அந்தப் பதில் போதுமா என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் "தஸ்தயேவ்ஸ்கி கூறுகிறார்" என்று தொடங்கி இவானின் வரிகளை மேற்கோள் காட்டினால் சண்டையே தொடங்காது.

யார் பேசுகிறார்கள் என்று கேட்காமல் மேற்கோள் காட்டுவது தத்துவ நூல்களிலும் நடக்கிறது. டென்மார்க் தத்துவவாதி கீர்க்கேகார்ட் 1843-ல் வெளியிட்ட 'அச்சமும் நடுக்கமும்' நூலின் அட்டையில் இருந்த ஆசிரியர் பெயர் யோஹன்னஸ் டி சிலென்ஷியோ. புனைபெயரில் வந்த நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவோர் அந்தந்தப் புனைபெயரையே குறிப்பிட வேண்டும் என்று 1846-ல் அவர் வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார். பிளேட்டோவின் உரையாடல்களில் பிளேட்டோ பேசுவதே இல்லை. 'குடியரசு' நூலின் பத்தாம் பாகம் கவிஞர்களை வெளியேற்றுகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதே பத்தாம் பாகம், செத்துப் பிழைத்த ஏர் என்ற வீரனின் கதையோடு முடிவதைச் சிலரே எழுதுகிறார்கள். கவிதையை விலக்கிய கையோடு ஒரு தொன்மத்தைச் சொல்லி நூலை முடிப்பவரை வாதங்களின் பட்டியலாக மட்டும் படித்தால், பாதிப் பிளேட்டோதான் கிடைப்பார்.

கடன் வாங்கிய சொற்கள்

'கதார்சிஸ்' (தூய்மைப்படுத்தல், வெளியேற்றல் என்றெல்லாம் பெயர்க்கப்படும் கிரேக்கச் சொல்) என்ற சொல்லின்மேல் ஓர் அத்தியாயம் முழுக்கக் கட்டுபவர்கள் உண்டு. அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' ஆறாம் அத்தியாயத்தில், துன்பியலின் வரையறையில் அது வருகிறது, விளக்கம் இல்லை. 'அரசியல்' நூலின் எட்டாம் பாகத்தில், கவிதை பற்றிய நூலில் இதைத் தெளிவாகச் சொல்வேன் என்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் பிரதியில் அந்தத் தெளிவுரை இல்லை. ஆகவே 'அரிஸ்டாட்டில் கூறும் கதார்சிஸ்' என்று நீங்கள் எழுதும்போது, யாரோ ஓர் உரைகாரரின் கதார்சிஸைத்தான் எழுதுகிறீர்கள். அது யாருடையது என்று சொல்லிவிடுங்கள்.

இலக்கியத் துறையிலிருந்து வருபவர்கள் கோட்பாட்டையே தத்துவம் என்று எண்ணிக்கொள்வதும் இதைச் சேர்ந்தது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் பிளேட்டோ கட்டுரையைத் தொகுப்பு நூலில் படித்திருப்பார்கள், அவர் எதை வாசிக்கிறாரோ பிளேட்டோவின் அந்த 'ஃபைட்ரஸ்' உரையாடலைத் திறந்திருக்க மாட்டார்கள். அங்கே எழுத்து என்பது நினைவுக்கு ஒரு 'ஃபார்மகான்' என்று சொல்லப்படுகிறது. நஞ்சையும் நிவாரணத்தையும் ஒருசேரக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. நமக்கு 'மருந்து' இருக்கிறது: நோய்க்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து, 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்றால் அது வேறு சங்கதி. நம் மொழியில் யோசித்தால் மூலத்துக்கு அருகில் போக முடிகிற இடங்கள் இப்படி நிறைய உண்டு. ஆங்கிலச் சொல்லை நடுவில் வைத்தே யோசிப்பவருக்கு இவை கண்ணில் படுவதில்லை.

படிப்பு தொடங்கும் முன்

நடைமுறையில் சில. இலக்கியப் பட்டதாரிக்குத் தன் கருத்துக்கு எதிரான வலுவான மறுப்பைத் தானே எழுதிப் பழக்கம் இருக்காது; முதல் பருவத்திலேயே ஒரு தருக்கவியல் தாள் எடுத்துவிடுவது நல்லது. தத்துவப் பட்டதாரிக்குக் கதைசொல்லி யார், எந்தக் காலத்தில் சொல்கிறார், எந்தச் சொல் திரும்ப வருகிறது என்று பார்க்கும் பழக்கம் இருக்காது. ஒரே ஒரு கவிதையைப் பற்றி, எந்தத் தத்துவவாதியின் பெயரையும் சொல்லாமல், மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள். முதல் முறை கை நடுங்கும்.

தலைப்பைச் சுருக்குங்கள். 'நவீன நாவலில் இருத்தலியல்' என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது, நூலக அலமாரியின் பெயர்ப்பலகை. (காம்யுவே தான் இருத்தலியல்வாதி இல்லை என்று 1945-ல் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார்.) ஒரு நூல், ஒரு கேள்வி, முடிந்தால் ஒரு காட்சி.

இரு துறைகளிலிருந்து இரண்டு நெறியாளர்கள் என்றால், ஆய்வுத் திட்டம் உறுதியாகும் முன் இருவரையும் ஒரே அறையில் ஒருமுறை உட்கார வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் "வாதம் எங்கே?" என்பார், மற்றவர் "பிரதி எங்கே?" என்பார், இருவருக்கும் இரண்டு அத்தியாயம் எழுதி, ஒட்டாத ஆய்வேட்டோடு நிற்பீர்கள். பட்டம் எந்தத் துறையின் பெயரில் வழங்கப்படும், புறத்தேர்வாளர் எந்தத் துறையிலிருந்து வருவார் என்பதைச் சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கோள் முறையிலிருந்து முன்னுரையின் நீளம் வரை அதைப் பொறுத்தே மாறும். பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் ஏதேனும் ஒரு துறையின் அடிப்படைத் தாள்களை உங்களால் நடத்த முடியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் எது உங்கள் தாய்வீடு என்பதை இரண்டாம் பருவத்துக்குள் முடிவு செய்து, அந்தத் துறையின் பொதுத்தாள்கள் ஒன்றிரண்டையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.