எழுத வரவில்லை என்று பதினோரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்

சிறுகதைப் பட்டறைகளில் வகுப்பெடுக்கத் தொடங்கி ஆறேழு வருடம் ஆகிறது. போன மாதம் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தம்பி வந்து, பையிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கினான். காலையில் எழுந்ததும் மனதில் தோன்றுவதையெல்லாம் மூன்று பக்கம் எழுதுகிற பயிற்சி. எட்டு மாதமாக ஒருநாள் விடவில்லையாம். “கதை மட்டும் வரமாட்டேங்குது சார்.” எனக்கு என் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. அங்கே இதே மாதிரி ஒன்பது கிடக்கின்றன.

போனைத் தூர வை, தினமும் உட்கார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். எழுத வராதபோது நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பயிற்சியையே வேலையாக்கிக்கொள்வது

காலைப் பக்கங்கள் வாய் கொப்பளிப்பது மாதிரி. கொப்பளித்த பிறகு சாப்பிட உட்கார வேண்டும். பழைய காயத்தை எழுதித் தீர்க்கும் பயிற்சியும் அப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் அவருடைய மாணவியும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், மொத்தம் 4 நாள். எழுதிய கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. பலன் பிந்தைய மாதங்களில்தான் தெரிந்தது. நம் ஆட்கள் அந்த நான்கு நாளை நாற்பது வாரமாக்கி, ஆறவிடாமல் அதே புண்ணைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

மனச்சோர்வுக்கு ‘பிளாக்’ என்று பெயர் வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே. எழுதுகிறவனுக்கு எழுத்து முடங்கிப்போவதற்கு ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்ற பெயரை 1940-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனப்பகுப்பாய்வு மருத்துவர். ஒரு மருத்துவர் கொடுத்த பெயரைச் சொல்லிக்கொண்டே நான் மருத்துவரிடம் போகாமல் இருந்தேன்.

பதினோரு மாதம். அந்தக் காலத்தில் நான் எழுதி முடித்தது கேஸ் ஏஜென்சிக்கு ஒரு புகார்க் கடிதம். நாவலின் நாலாவது அத்தியாயம் சிக்கிக்கொண்டது, அதுதான் பிரச்சினை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் வாசிக்கவும்தான் முடியவில்லை. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். மாவு பொங்கிச் சமையல் மேடையில் வழிந்து காய்ந்திருக்கும். பார்த்துக்கொண்டே தாண்டிப் போவேன். மகள் பேசத் தொடங்கியது அந்த வருடம்தான். அவளுடைய முதல் வார்த்தை என்னவென்று பின்னால் மனைவியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒருமுறை வாய் விட்டுக் கேட்டேன். சக எழுத்தாளர் ஒருவர் தடுத்தார். “துக்கம்தான்யா உனக்கு மூலதனம். அதைக் கரைச்சிட்டா எதை வெச்சு எழுதுவே?” கேட்க நன்றாக இருந்தது, நம்பினேன். அந்த மூலதனத்தை வைத்து அந்த வருடம் நான் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை என்பது உறைக்கவே இல்லை.

இப்போது யார் வந்து ‘வரவில்லை’ என்றாலும் நான் கேட்பது: எழுத்து மட்டும் வரவில்லையா, மற்றதுமா? எழுத்து மட்டும் என்றால் அது தொழில் சிக்கல். வேறு அத்தியாயத்துக்குத் தாவலாம், பாத்திரத்தை மாற்றலாம், ஒரு மாதம் மூட்டை கட்டி வைக்கலாம். தூக்கம், பசி, வாசிப்பு, ஆட்களைப் பார்க்கும் ஆசை எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டால் எந்த நோட்டும் உதவாது. மருத்துவர் முதலில் எனக்கு எழுதித் தந்தது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. தைராய்டு குறைந்தாலும் ஆளை இப்படித்தான் சாய்த்துவிடுமாம். எனக்கு அது சரியாக இருந்தது, அப்புறம்தான் மாத்திரையும், பேசியே குணப்படுத்துகிற தெரபியும்.

தெரபியில் கதை சொல்வது

எழுதுகிறவர்களின் தனி வியாதி இது. முதல் மூன்று அமர்வுகளில் என் பால்யத்தைத் தொடக்கம், திருப்பம், முடிவோடு சொல்லிவிட்டு, எப்படி என்பதுபோல் தெரபி தருகிற அந்த அம்மாவைப் பார்ப்பேன். நாலாவது அமர்வில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நல்லா சொல்றீங்க. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், சாப்பிட்டேனா என்பதே தெரியவில்லை. உருப்படியாகப் பேச ஆரம்பித்தது அன்றுதான்.

மாத்திரையை நாமே நிறுத்துவது

வேண்டாம். மூன்றாவது வாரமும் கதை வரவில்லை என்று நிறுத்திவிட்டு, தலைசுற்றி ஒரு பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். அது வேலை செய்யவே சில வாரம் பிடிக்கும்.

தெரபிக்குக் காசில்லை என்று தள்ளிப்போடுவது

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுச் சேவை அது. சாகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

கதையைப் பற்றியே விசாரிப்பது

அந்தத் தம்பியிடம் நான் கதையைக் கேட்கவில்லை. தூக்கம் எப்படி என்றேன். நோட்டுகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னான்: “மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது சார். அதனாலதான் ஒருநாள்கூட விடாம எழுத முடியுது.”