யூரியா போடாத மேய்ச்சல் காடு: முயல் மசால் விதைக்கும் முறை

நாங்குநேரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செவல் (செம்மண்) காடு. கொழுக்கட்டைப் புல் போட்டு நாலு மாடு மேய்க்கிறோம். முன்பெல்லாம் மழைக்கு மழை யூரியா வீசுவேன். 45 கிலோ மூடையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 21 கிலோ கூடத் தேறாது. வீசிய மறுநாள் மழை ஏமாற்றினால் அதிலும் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். இப்போது மூன்று வருடமாக மூடை வாங்கவில்லை. புல்லுக்கு நடுவே நிற்கும் முயல் மசால்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. இது பயறு வகைத் தீவனச் செடி; காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்துக்கொள்ளும்.

உழவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசிக் கடைசிக்குள் காடு தயாராகிவிட வேண்டும். அடியில் சூப்பர் பாஸ்பேட் கட்டாயம். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாமல் வேர் முடிச்சு சரியாகப் பிடிக்காது. விதை, வரிசையாகப் போட்டால் ஏக்கருக்கு இரண்டரை கிலோ, தூவினால் நாலு கிலோ.

1. விதையை எழுப்புவது

நான் வழுக்கி விழுந்த இடம் இது. முதல் வருடம் பையைப் பிரித்து அப்படியே தூவினேன். மழை நன்றாகத்தான் பெய்தது. கொழுக்கட்டை முளைத்தது, மசால் அங்கொன்று இங்கொன்று. விதை விற்றவரைத் திட்டினேன், பாவம். மசால் விதையின் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. அடுத்த தடவை கொதிக்கிற பானையிலேயே போட்டேன். அவியல் ஆகிவிட்டது.

சரியான முறை இதுதான்: தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். சூடு 80 டிகிரிக்கு இறங்கியதும் விதையைப் போட்டு, நாலே நிமிடத்தில் வடித்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பக்குவம் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். 80 டிகிரியில் யாரும் விரலை விட்டுப் பார்த்ததில்லை.

2. ரைசோபியம்

வேர் முடிச்சில் குடியிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்தான் ரைசோபியம். நன்றாக ஆறிய வடிகஞ்சியில் அதைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர் செத்துப்போகும். பாக்கெட்டை விடத் திரவமாக வருவதுதான் எனக்குப் பிடிக்கும். விதையை ஆழத்தில் புதைக்காதீர்கள். ஓர் உடைமுள் கிளையை மேலாக இழுத்துவிட்டால் போதும்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணோடு நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை.

3. மாடு விடுவது

முதல் வருடம் மசால் விதை உதிர்க்கும்வரை பொறுங்கள். அப்புறம் அது தானாகவே முளைத்துக்கொள்ளும். முதல் வருடமே புல் கறுகறுவென்று வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மசாலின் தழைச்சத்து உதிர்ந்த இலை, சாணம், மூத்திரம் வழியாகத்தான் புல்லுக்குப் போகிறது. மாடு தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெளியேதான் வருகிறது. ஆனால் எங்கள் மாடுகள் எல்லாம் அந்த ஒற்றை வேப்பமரத்தடியில் போய்ப் படுத்து, அங்கேயே கொட்டிவிட்டு வந்தன. அதனால் இரவில் பட்டி கட்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். வயலில் ஆட்டுக்கிடை போடுவோமே, அதே கணக்குதான்.

பின்சேர்க்கை: கரிசல்காட்டில் விதைத்த ஒருவர், கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி மசால் அழுகிவிட்டது என்று எழுதியிருந்தார். செவலை மனதில் வைத்தே எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது. கரிசலுக்கு, இதே பயறு வகையைச் சேர்ந்த வேலி மசாலோ சங்குப்பூவோ போடுங்கள். வேலி மசால் விதைக்கும் அதே 80 டிகிரி, அதே நாலு நிமிடம்தான்.