ஸ்பிரிங் மாற்றியாச்சு, வீல் அலைன்மென்ட் எப்போது, எப்படி?

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கோ காயில் ஓவரோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பாகம்) போட்டதும், அலைன்மென்டையும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) அன்றைக்கே முடித்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் "சேர்த்தே செய்துடலாமே" என்பார்கள். இரண்டு வாரம் பொறுத்துச் செய்வதுதான் நல்லது. ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, டோவை (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் அன்றே ஓரளவு சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: வாங்கும் முன் விதியைப் பாருங்கள்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எது கூடவே கூடாது என்று இருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே போய் முழிப்பதைவிட முதலிலேயே பார்த்துவிடுவது மேல்.

படி 2: புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கிற நிலையில் இறுக்கச் சொல்லுங்கள்

இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சக்கரத்தைக் காரின் அடிப்பக்கத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கும். காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கினால், புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. உயரமும் சரியாக வராது, ரப்பரும் சீக்கிரம் கிழியும். தொங்கும்போது லேசாக மாட்டிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்துக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். "அண்ணே, கடைசி இறுக்கு கீழே வைத்துத்தானே?" என்று கேட்டாலே போதும், உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

படி 3: ஸ்பிரிங்கை உட்கார விடுங்கள்

சில நூறு கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டுங்கள். புது ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் இறங்கும். உயரம் மாறினால் கோணமும் மாறும். காயில் ஓவர் என்றால் உயரத்தை முதலில் முடிவு செய்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் அடிப்பக்கம் உரசுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட் முடிந்த பிறகு உயரத்தைத் தொட்டால் மறுபடியும் காசு.

படி 4: மெஷினில் ஏற்றும் முன்

டயர் காற்றை, டயர் சூடாவதற்கு முன்பே, டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். காரின் பின்பக்க பூட்டில் (டிக்கியில்) கிடக்கும் கனமான சாமானை இறக்கிவிடுங்கள். டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எண்ட், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண்.

படி 5: தாளை நீங்களே படியுங்கள்

செய்வதற்கு முன், செய்த பிறகு என இரண்டு அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று பெயர்கள் முக்கியம்.

கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு. காரைத் தாழ்த்தினால் பெரும்பாலும் மேல்பக்கம் உள்ளே சாயும். தாளில் கழித்தல் குறியோடு வரும். காஸ்டர் ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. பல கார்களில் அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே இருக்காது. டோ என்பது, நாம் கால் விரல்களை உள்ளே திருப்பியோ வெளியே திருப்பியோ நடப்பதுபோல, சக்கரங்கள் திரும்பி நிற்பது.

எல்லோரும் கேம்பரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். டயரை நிஜமாகத் தின்பது டோ. கேம்பர் ஒரு டிகிரி கூடினால் உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். டோ விலகினால் டயர் சுழலும் ஒவ்வொரு நொடியும் சாலையில் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். தாழ்த்தியதும் டை ராடின் சாய்வு மாறுவதால்தான் டோ இப்படி விலகுகிறது.

எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம். சில மெஷின்கள் டிகிரியையும் நிமிடத்தையும் காட்டும். 0°30′ என்றால் அரை டிகிரி, 0.30 அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

எண் பச்சையாக (அனுமதித்த அளவுக்குள்) இருந்தால் மட்டும் போதாது, இடது வலது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களை முடித்த பிறகே முன்னால் வர வேண்டும். முன் டோ எப்போதும் கடைசி. ஹோண்டா ஜாஸ் போல டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே பீம்) உள்ள கார்களில் பின்னால் திருப்ப போல்ட் இல்லை, ஷிம் (இடையில் செருகும் மெல்லிய தகடு) வைத்தால்தான் உண்டு. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்டிரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு) இருந்து கேம்பர் அதிகம் விலகினால் கேம்பர் போல்ட் (கேம்பரைத் திருப்பிச் சரிசெய்ய உதவும் போல்ட்) கேளுங்கள்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

நேரான, சமமான சாலையில் ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா பாருங்கள். சாலை இடப்பக்கம் சரிந்திருந்தால் கார் லேசாக அந்தப் பக்கம் போவது இயல்பு. அதற்கு மேல் இழுத்தால், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இல்லாத டயராக இருந்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில், அலைன்மென்டில் இல்லை. வழுக்கல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் கோண சென்சாரை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். தடம் காக்கும் கேமரா உள்ள கார் என்றால் அதையும் கேலிபிரேட் செய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து, கார் நிற்கும்போது உள்ளங்கையால் டயரைக் குறுக்காகத் தடவுங்கள், உள்ளிருந்து வெளியே, அப்புறம் வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம்போலக் கீறுவதாகவும் இருந்தால் டோ இன்னும் சரியில்லை. பழைய தாளை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.