மதுரைப் பக்கமிருந்து அமெரிக்கா வந்திருக்கீங்களா? மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம்னு நம்ம பக்கத்துல ஜிஎன்எம் நர்ஸிங் முடிச்சிட்டோ லேப்ல வேலை பாத்துட்டோ கல்யாணமாகி இங்க வர்ற பிள்ளைங்க நிறையப் பேரு. நர்ஸ் லைசென்ஸுக்கு சர்டிபிகேட் சரிபார்த்து என்கிளெக்ஸ்ங்கிற நர்ஸ் பரீட்சை எழுதி முடிக்க நாளாகும், அதுவரைக்கும் கைப்பழக்கம் விட்டுப்போகாம இருக்க மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை நல்ல வழி.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில பாத்திருப்பீங்க, கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து 2 வருஷம் ட்ரெயினிங் குடுத்து, டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதெல்லாம் அவங்களே செய்வாங்க. இங்கயும் கிட்டத்தட்ட அப்படித்தான், பேஷன்ட்டை ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி பிபி பல்ஸ் பாத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஊசி, ரத்தம் எடுக்குறது, ஈசிஜி எல்லாம் வரும். எது எது செய்யலாங்கிறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்.

முதல்ல விசா. எச்4ல, அதாவது எச்1பியில வேலை பாக்குறவரோட மனைவியா வர்ற விசாவுல, படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பாக்க ஈஏடிங்கிற வேலை அனுமதி அட்டை வேணும். கோர்ஸ் கடைசியில கிளினிக்ல நின்னு கத்துக்குற எக்ஸ்டர்ன்ஷிப் இருக்கும், பெரும்பாலும் சம்பளம் கிடையாது, ஆனாலும் உங்க விசாவுல அதைச் செய்யலாமான்னு பீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுருங்க, காலேஜ் ஆபீஸ்ல சொல்றதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீங்க.

விளம்பரம் பாத்து பெரிய பீஸ் கட்டுற தனியார் காலேஜுக்கு ஓடாதீங்க, பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ், அதாவது பீஸ் கம்மியான அரசுக் காலேஜ், இருக்கான்னு பாருங்க. எக்ஸ்டர்ன்ஷிப் இடம் அவங்களே பிடிச்சுத் தருவாங்களா, முடிச்சா எந்தப் பரீட்சை எழுதலாம், இந்த ரெண்டையும் கேட்டே ஆகணும். மெடிக்கல் அசிஸ்டென்ட் சர்டிபிகேட் பரீட்சையில சிஎம்ஏ, சிசிஎம்ஏன்னு ரெண்டு இருக்கு. சிஎம்ஏ எழுத பொதுவா காஹெப் (CAAHEP) இல்ல ஏபெஸ் (ABHES)ங்கிற அமைப்போட அங்கீகாரம் உள்ள கோர்ஸா இருக்கணும், சிசிஎம்ஏக்கு பிளஸ் டூவும் ஒரு ட்ரெயினிங் கோர்ஸும் முடிச்சிருந்தா எழுதலாம். நிறைய ஸ்டேட்ல சர்டிபிகேட் சட்டப்படி கட்டாயமில்ல, ஆனா வேலை குடுக்குறவங்க கேப்பாங்க. வாஷிங்டன் ஸ்டேட்ல மட்டும் ஸ்டேட் அரசாங்கத்துக்கிட்ட பதிவோ சர்டிபிகேட்டோ வாங்கியே ஆகணும்.

அப்புறம் டிபி டெஸ்ட், இதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்ல. கிளினிக்ல நிக்க விடுறதுக்கு முன்னாடி இதைக் கேப்பாங்க. நமக்கெல்லாம் பொறந்ததும் டிபிக்கு எதிரா பிசிஜி தடுப்பூசி போட்டிருப்பாங்க, அதனால தோல்ல குத்திப் பாக்குற டெஸ்ட்ல நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம், உடனே எக்ஸ்ரே அது இதுன்னு அலையணும், பாவம் பயந்துபோயிருவாங்க. பிசிஜி போட்டிருக்குன்னு சொல்லி ரத்தத்துல பாக்குற டெஸ்ட்டையே கேளுங்க, அதை பிசிஜி பாதிக்காது.

தடுப்பூசி அட்டையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் ஊர்ல பீரோவுக்குள்ள கிடக்கும், அம்மாகிட்ட சொல்லி இப்பவே தேடச் சொல்லுங்க. அட்டை கிடைக்கலைன்னா தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு ரத்தப் பரிசோதனை பண்ணிக் காட்டலாம். சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கி உயிர் காப்பாத்துற முதலுதவி, கத்துக்கிட்டதுக்கான கார்டும் வேணும், 2 வருஷம் செல்லும்.

கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்குள்ள ரெண்டு பழக்கம் வந்துரணும். எடை இங்க பவுண்டுல சொல்லுவாங்க, 1 கிலோ 2.2 பவுண்டு. தேதியில மாசம்தான் முதல்ல, 05/08ன்னா மே 8, பேஷன்ட் பொறந்த தேதியை வச்சுத்தான் ஆளையே சரிபாக்குறதால வீட்டுக் காலண்டர்ல இருந்தே அப்படி எழுதிப் பழகுங்க.